ஒரே கட்டணத்தில் மணவிலக்கு: சிங்கப்பூரில் வழக்கறிஞரை அமர்த்துவதற்கு முன்னும் பின்னும்

2025 ஏப்ரலில் எனக்கு மணவிலக்கு முடிந்தது. நானும் அவரும் சண்டையில் பிரியவில்லை. பேசி, அழுது, இனி முடியாது என்று இருவரும் ஒத்துக்கொண்டுதான் வழக்கறிஞரைத் தேடினோம். ஒத்துப்போனவர்களுக்கு வேலை சுலபம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் முதலில் போன அலுவலகத்தில் 700 வெள்ளியும் ஏழு வாரமும் போயின. விளம்பரத்தில் '1,200 வெள்ளி, எல்லாம் அடக்கம்' என்று போட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்ததும் பிள்ளை இருந்தால் தனி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு இருந்தால் தனி, உடன்பாட்டில் ஒரு வரி மாறினால் அதற்கும் தனி என்று தொகை ஏறிக்கொண்டே போனது. பாதியில் எழுந்து வந்து வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்கினேன்.

ஒரே கட்டணம் என்பது தாள் வேலைக்கான கூலி. நீங்கள் இருவரும் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டீர்கள் என்று நம்பித்தான் அந்தத் தொகையைச் சொல்கிறார்கள். பேச்சு முடியாமல் போனால், மிச்சப் பேச்சை வழக்கறிஞரின் மேசையில் மணிக்கணக்குக்குக் காசு கட்டிப் பேச வேண்டியிருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் வழக்கறிஞர் 5ஆம் படியில்தான் வருகிறார்.

1. இந்த வழி உங்களுக்குப் பொருந்துமா?

இஸ்லாமிய முறைப்படி திருமணம் செய்தவர்கள் ஷரியா நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே நடைமுறை வேறு, இந்தக் கட்டுரை உதவாது. மற்றவர்களுக்கு மாதர் சாசனச் சட்டப்படி குடும்ப நீதிமன்றம்.

திருமணமாகி மூன்று ஆண்டு முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன் என்றால் மிகக் கடுமையான துன்பம் போன்ற காரணம் காட்டி நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். அது ஒரே கட்டண வேலையில் அடங்காது.

இருவரில் ஒருவராவது சிங்கப்பூரை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவராக இருக்க வேண்டும், அல்லது மனுப்போடுவதற்கு முந்தைய மூன்று ஆண்டும் இங்கே வழக்கமாக வசித்திருக்க வேண்டும். வேலை அனுமதியில் வந்து இரண்டே ஆண்டு ஆன தம்பதி இங்கே மனுப்போட முடியாது.

கோயிலில் தாலி கட்டியும் பதிவு செய்யாதவர்கள் கவனியுங்கள். 1961 செப்டம்பர் 15க்குப் பிறகு சிங்கப்பூரில் நடந்த திருமணம், மாதர் சாசனப்படி பதிவாகியிருந்தால்தான் சட்டப்படி திருமணம். பதிவே இல்லையென்றால் மணவிலக்கு மனுவுக்கே இடமில்லை. வீடு, பிள்ளை விவகாரங்களை வேறு வழியில் பார்க்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் இதை வழக்கறிஞரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

காரணம் என்ன காட்டுவது? கள்ளத்தொடர்பு, பொறுக்க முடியாத நடத்தை, கைவிட்டுச் செல்லுதல், மூன்று அல்லது நான்கு ஆண்டுப் பிரிவு ஆகியவை முன்பே இருந்தன. 2024 ஜூலை 1 முதல் 'பரஸ்பர உடன்பாடு' என்ற வழியும் வந்திருக்கிறது. யார் மேலும் பழி போட வேண்டாம். உறவு ஏன் முறிந்தது, சேர்ந்து வாழ என்னென்ன முயற்சி செய்தீர்கள், பிள்ளைக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு நினைத்திருக்கிறீர்கள் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னும் சேர வாய்ப்பிருக்கிறது என்று நீதிமன்றம் நினைத்தால் ஏற்காமல் ஆலோசனைக்கு அனுப்பலாம். ஆகவே 'ஒத்துப்போகவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். எந்த ஆண்டு ஆலோசகரிடம் போனீர்கள், குடும்பப் பெரியவர்கள் யார் வந்து பேசினார்கள், எத்தனை மாதம் தனி அறையில் இருந்தீர்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். என்னுடையது ஒன்றரைப் பக்கம் வந்தது.

என் மனதுக்கு இந்த வழிதான் சரியாகப் பட்டது. நாளைக்கு என் மகள் பெரியவளாகி அந்தத் தாளைப் படித்தாலும் அவள் அப்பாவைப் பற்றி அதில் கேவலமாக ஒரு வரி இருக்காது.

2. இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியவை

செங்காங்கில் எங்கள் வீட்டுப் பக்கத்து உணவங்காடியில்தான் நாங்கள் பேசினோம். வீட்டில் பேசினால் பிள்ளை காதில் விழும், குரலும் உயரும். கட்டம் போட்ட பள்ளி நோட்டு ஒன்று, இருவரின் மசேநி (மத்திய சேம நிதி) அறிக்கை, வீட்டுக் கடன் அறிக்கை, இரண்டு கோப்பை தே. நான்கு சனிக்கிழமை பிடித்தது. ஒவ்வொரு நாளும் எழுந்து போகுமுன் அன்று முடிவானதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்தக் கையெழுத்து சட்டப்படி நிற்குமா என்பது வேறு விஷயம். 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்ற பேச்சு பிறகு வராமல் காத்தது அதுதான்.

பிள்ளைகள். இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். பள்ளி, மருத்துவம், மதம் போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமை ஒன்று. அதைப் பெரும்பாலும் பெற்றோர் இருவருக்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள். பிள்ளை யாருடன் வசிக்கிறது, அன்றாடம் யார் பார்த்துக்கொள்கிறார் என்பது இன்னொன்று. அது பொதுவாக ஒருவருக்கு. மற்றவருக்குப் பார்க்கும் நேரம். 'கூட்டு உரிமை' என்றதும் பிள்ளை பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று எண்ணி எங்கள் மாமியார் பதறிப்போனார். அது அப்படியல்ல.

பார்க்கும் நேரத்தை 'நியாயமான நேரம்' என்று பொத்தாம்பொதுவாக எழுத விடாதீர்கள். கிழமை, மணி, எங்கே கொண்டுவந்து விடுவது என்று எழுதுங்கள். பள்ளி விடுமுறைகளைத் தனியாக எழுதுங்கள். ஜூனில் நான்கு வாரம், ஆண்டு இறுதியில் ஆறு வாரம், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். பண்டிகைகளைப் பெயர் சொல்லியே எழுதுங்கள். எங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது தீபாவளிதான். தீபாவளி காலையில் என் அம்மா கையால்தான் மகளுக்கு எண்ணெய்த் தலை முழுக்கு, பிறந்ததிலிருந்தே அப்படி. அவர் வீட்டிலோ காலைப் படையலுக்குத்தான் மொத்தக் குடும்பமும் கூடும். கடைசியில் காலை 10 மணிவரை என்னோடு, பிறகு மறுநாள் காலைவரை அவரோடு, பொங்கலுக்கு அப்படியே தலைகீழ் என்று எழுதினோம். அந்த ஒரு வரி இருப்பதால்தான் இன்று தீபாவளி நாளில் எங்களுக்குள் ஒரு தொலைபேசி அழைப்புகூடத் தேவைப்படுவதில்லை.

ஊருக்குப் போவதையும் எழுதுங்கள். பிள்ளை யார் பொறுப்பில் என்ற உத்தரவு வந்தபின், மற்றவரின் எழுத்துமூல ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. பிள்ளையை வைத்திருப்பவர் ஒரு மாதத்துக்கும் குறைவாகக் கூட்டிப்போனால் மட்டும் விலக்கு உண்டு. திருச்சிக்கோ மதுரைக்கோ ஆறு வாரம் போகும் வழக்கம் இருந்தால் இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும் என்பதும் அதோடு வரட்டும்.

ஜீவனாம்சம். பிள்ளைக்கு மாதம் எவ்வளவு, எந்தத் தேதி, எந்த வங்கிக் கணக்கு. பள்ளிச் செலவு, துணைப்பாட வகுப்பு, பல் மருத்துவம் ஆகியவை அந்தத் தொகைக்குள் அடக்கமா, தனியா. மனைவிக்கு என்று வரும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று ரோஷத்தில் எழுதிவிட்டால், நாளைக்கு வேலை போய், உடல்நலம் கெட்டு நின்றாலும் திரும்பக் கேட்பது மிகக் கடினம். அதனால்தான் சிலர் மாதம் 1 வெள்ளி என்று பெயரளவுக்கு எழுதி வாசலைத் திறந்து வைக்கிறார்கள். கணவர் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை. விட்டுக்கொடுப்பதானாலும் அது என்ன என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

3. வீட்டுக் கணக்கு

ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். 'வீட்டை விற்று ஆளுக்குப் பாதி' என்று சொல்வது சுலபம். எதில் பாதி?

ஓர் எடுத்துக்காட்டு. வீடு 520,000 வெள்ளிக்கு விற்கிறது. கடன் பாக்கி 180,000. வீட்டுக்காகக் கணவர் மசேநியிலிருந்து எடுத்தது வட்டியோடு 150,000, மனைவி எடுத்தது வட்டியோடு 110,000. விற்றால் இந்த மசேநிப் பணம் அவரவர் கணக்குக்குத் திரும்பிப் போயாக வேண்டும். எடுத்த முதல் மட்டுமல்ல, சாதாரணக் கணக்கில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் 2.5 விழுக்காடு வட்டியும் சேர்ந்தே போகும். கையில் ரொக்கமாக மிஞ்சுவது 80,000.

கடனை மட்டும் கழித்துப் பாதி என்றால் ஆளுக்கு 170,000. கணவருக்கு மசேநியில் 150,000, ரொக்கம் 20,000. மனைவிக்கு மசேநியில் 110,000, ரொக்கம் 60,000. மசேநியையும் கழித்தபின் மிஞ்சும் ரொக்கத்தில் பாதி என்றால் ஆளுக்கு 40,000. கணவருக்கு மொத்தம் 190,000, மனைவிக்கு 150,000. 'பாதி' என்ற ஒரே சொல், இரண்டு கணக்கு, 20,000 வெள்ளி வித்தியாசம். எது நியாயம் என்பது உங்கள் இருவரின் முடிவு. எந்தக் கணக்கு என்பதை மட்டும் வாக்கியமாகவே எழுதிவிடுங்கள். முகவர் கட்டணம் யார் தலையில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒருவர் வீட்டை வைத்துக்கொள்வதாக இருந்தால், பேச்சை முடிப்பதற்கு முன்பே வீவகவிடம் கேளுங்கள். பிள்ளை தம்மோடு வசிப்பவருக்கு வைத்துக்கொள்ள வழி உண்டு. பிள்ளை இல்லாத குடிமகன் ஒற்றையராக வைத்துக்கொள்ள 35 வயது ஆகியிருக்க வேண்டும். கடனைத் தனியாளாகக் கட்டும் வருமானம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான 5 ஆண்டு முடியாத வீடென்றால் உங்கள் விருப்பப்படி விற்க முடியாது, வீவக என்ன சொல்கிறதோ அதுதான். பிரைம், பிளஸ் என்று வீவக வகைப்படுத்திய வீடுகளுக்கு அந்தக் காலம் 10 ஆண்டு. வைத்துக்கொள்பவர் மற்றவரின் மசேநிக்கு எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், அல்லது கட்ட வேண்டியதில்லை என்பதும் உத்தரவில் தெளிவாக வர வேண்டும்.

வீவகவுக்கும் மசேநிக் கழகத்துக்கும் முறைப்படி கேள்வி எழுதிப் பதில் வாங்கும் வேலையை வழக்கறிஞரே செய்வார். அது கட்டணத்தில் சேர்த்தியா என்று கேளுங்கள். முதல் அலுவலகத்தில் சேர்த்தியில்லை, அதை யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

4. பெற்றோர் வகுப்பை முன்கூட்டியே முடியுங்கள்

21 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், மனுப்போடுவதற்கு முன் பெற்றோர் இருவரும் கட்டாயக் கூட்டுப் பெற்றோர் திட்டத்தை முடிக்க வேண்டும். இணையத்தில் பாடம், பிறகு ஆலோசகருடன் சந்திப்பு. எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் தம்பதிக்கு முன்பு இது தேவைப்படவில்லை. 2024 ஜூலை 1 முதல் அவர்களுக்கும் கட்டாயம். பழைய விதியை நினைத்துக்கொண்டு 'உங்களுக்கு வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இருவரும் முடித்த சான்று இல்லாமல் மனு உள்ளே போகாது. ஒருவர் இரவு வேலை, இன்னொருவர் வெளிநாட்டுப் பயணம் என்றால் சந்திப்பு நாள் கிடைப்பதே பாடு. பேச்சு தொடங்கிய வாரமே பதிந்துவிடுங்கள். கடமைக்கு என்று போன எனக்கு அந்த ஆலோசகர் ஒரு நல்ல யோசனை சொன்னார்: பிள்ளையிடம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள், இரவு தூங்கப் போகுமுன் சொல்லாதீர்கள், சனிக்கிழமை காலையில் சொல்லுங்கள், அழவும் கேட்கவும் அவளுக்கு ஒரு முழு நாள் இருக்கட்டும். அப்படியே செய்தோம்.

5. வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்தல்

குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். நான் விசாரித்தவரை பிள்ளையும் வீடும் இல்லாதவர்களுக்கு 1,500 வெள்ளி அளவிலும், இரண்டும் இருந்தால் 2,000 முதல் 3,500 வரையிலும் சொன்னார்கள். பொருள் சேவை வரி 9 விழுக்காடு தனி. ஆண்டு வருமானம் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறிய அலுவலகங்கள் அந்த வரிக்குப் பதிந்திருக்க வேண்டியதில்லை, அங்கே வரி மிச்சம். நீதிமன்றத் தாக்கல் கட்டணம், பிரமாண ஆணையருக்கான (சத்தியம் வாங்கிக் கையெழுத்தை உறுதிப்படுத்துபவர்) கட்டணம் போன்ற கைச்செலவும் தனி. நான் இரண்டாவதாகப் போன இடத்தில் கட்டணம் 1,800, வரி 162, கைச்செலவு 460, மொத்தம் 2,422 வெள்ளி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் எண் மட்டும்தான். மூன்றையும் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியவற்றை என் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இரண்டாவது இடத்துக்குப் போனேன். அதை அப்படியே தருகிறேன்:

- பிள்ளை, வீடு, மசேநி, ஜீவனாம்சம் எல்லாம் சேர்த்துத்தான் இந்தத் தொகையா?
- உடன்பாட்டு வரைவை எத்தனை முறை இலவசமாகத் திருத்துவீர்கள்?
- நீதிமன்றம் தாளைத் திருப்பி அனுப்பித் திருத்தம் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணமா?
- இறுதித் தீர்ப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதும் இதில் உண்டா?
- வீட்டுப் பெயர் மாற்றத்தை யார் செய்வார், அதற்கு எவ்வளவு?
- பாதியில் என் துணை மனம் மாறினால் கட்டிய பணம் என்னாகும்?
- என் கோப்பை நீங்களே பார்ப்பீர்களா, வேறு யாராவதா?

பதில்களை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். பிறகு அமர்த்தல் கடிதம் தருவார்கள், அதில் இவை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தபின் கையெழுத்திடுங்கள். வீட்டுப் பெயர் மாற்றம் சொத்துப் பரிமாற்ற வேலை. மணவிலக்குக் கட்டணத்துக்குள் அது வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொகை ஒதுக்காமல் போனால் கடைசியில் கை கடிக்கும்.

'ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் பார்ப்பார்' என்று நம்பி வருபவர்கள் நிறைய. என் வழக்கறிஞர் முதல் சந்திப்பிலேயே நேராகச் சொல்லிவிட்டார்: நான் உங்களுக்கு மட்டும்தான் ஆலோசனை சொல்ல முடியும், அவர் தாளில் கையெழுத்திடலாம், அவருக்கு நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல முடியாது. நீங்கள் மனுதாரரல்லாமல் எதிர்த்தரப்பாக இருந்தால், கையெழுத்துக்கு முன் வேறொரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரத்துக்காவது காசு கட்டி வரைவைக் காட்டுங்கள். அதற்கும் வசதியில்லையென்றால் சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனை இருக்கிறது, இலவசச் சட்ட உதவி அமைப்பான புரோ போனோ எஸ்ஜியும் நடத்துகிறது. வருமானம் குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சட்ட உதவிப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அங்கே தகுதி கிடைத்தால் இந்தக் கட்டணமே வேண்டியிருக்காது.

வழக்கறிஞரே இல்லாமல் குடும்ப நீதிமன்றத்தின் இணையச் சேவையில் நீங்களாகவே மனுப்போடவும் முடியும். பிள்ளையும் வீடும் இல்லாதவர்கள் தாராளமாக முயலலாம். வீவக வீடும் மசேநியும் இருப்பவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். வீட்டுப் பங்கீட்டு உத்தரவில் ஒரு சொல் தப்பினால் பிறகு மாற்றுவது அவ்வளவு கடினம்.

6. ஆவணங்கள்

திருமணச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் திட்டச் சான்று, வீட்டுக் கடன் அறிக்கை, மசேநி அறிக்கை, வங்கி, காப்புறுதி விவரம், ஏற்கெனவே பிரிவு ஒப்பந்தம் எழுதியிருந்தால் அது. மசேநி அறிக்கையில் 'வீட்டுக்கு எடுத்த தொகை, வட்டியுடன்' என்ற பக்கம் தனியாக இருக்கும், அரசு இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாக நுழைந்து எடுங்கள். வெறும் இருப்புத் தொகைப் பக்கத்தைக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள்.

தமிழ்நாட்டில் நடந்த திருமணமென்றால் சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் வேண்டும். கல்யாணப் பத்திரிகையும் புகைப்பட ஆல்பமும் போதாது. சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஊரில் யாரையாவது அனுப்பி வாங்க வேண்டியிருந்தால் இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். மற்ற எல்லாம் தயாராக இருந்தும் இந்த ஒரு தாளுக்காகக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பெயர் எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடவுச்சீட்டில் ஒரு முதலெழுத்து, சான்றிதழில் தந்தை பெயர் முழுதாக என்று நம்மவர் தாள்களில் சகஜம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனுவில் இரண்டு பெயரையும் குறித்துவிடுவார்கள்.

7. கையெழுத்து நாள்

மனுவோடு பிரமாண வாக்குமூலமும் போகும். அதைப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட வேண்டும். சைனாடவுனில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடிக்கு என்னை அனுப்பினார்கள். எனக்கு முன்னால் ஒரு அக்கா, ஐம்பது வயதிருக்கும், வேலை உடையோடு வந்திருந்தார். ஆணையர் ஆங்கிலத்தில் 'புரிந்ததா' என்றார். அக்கா தலையாட்டினார். எட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். வெளியே மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, இதுல வீடு எனக்குன்னுதானே எழுதியிருக்கு?" வாங்கிப் படித்தேன். வீட்டை விற்பதாக எழுதியிருந்தது. அவரை உடனே உள்ளே திரும்ப அழைத்துப் போனேன். தாக்கலாகும் முன் நிறுத்த முடிந்தது.

ஆங்கிலம் சரளமாக வராதவர்கள், தமிழில் விளக்கிச் சொன்னபின்தான் கையெழுத்து என்று முன்கூட்டியே கேளுங்கள். தமிழ் பேசும் ஆணையர்கள் இருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்யலாம். விளக்கிச் சொல்லப்பட்டது என்று தாளிலேயே குறிப்பும் போடுவார்கள். சும்மா தலையாட்டாதீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் வீடும் பிள்ளையும் அதில் இருக்கின்றன. கையெழுத்துக்கு மூன்று நாள் முன்பே வரைவை வாங்கி, நம்பிக்கையான ஒருவரை வைத்துத் தமிழில் வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

துணை வெளிநாட்டில் இருந்தால் அங்கே நோட்டரியிடமோ சிங்கப்பூர்த் தூதரகத்திலோ கையெழுத்திட வேண்டும். அசல் தாள் தபாலில் வந்து சேரும் நாளையும் கணக்கில் சேருங்கள்.

8. தாக்கலுக்குப் பிறகு

எல்லாம் ஒத்துப்போன எளிய தடத்தில் பெரும்பாலும் யாரும் நீதிமன்றத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை. தாள்கள் சரியாக இருந்தால் இடைக்காலத் தீர்ப்பு வரும். அதிலிருந்து மூன்று மாதம் கழிந்தபின் இறுதித் தீர்ப்பு. நாங்கள் 2024 நவம்பரில் தாக்கல் செய்தோம், 2025 ஜனவரியில் இடைக்காலத் தீர்ப்பு, ஏப்ரலில் இறுதி. தாக்கலிலிருந்து நான்கு முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு, வகுப்பு, தாள் சேகரிப்பு எல்லாம் அதற்கு முன்னால் தனி.

இறுதித் தீர்ப்புச் சான்றிதழ் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். இடைக்காலத் தீர்ப்பு வந்ததும் 'முடிந்தது' என்று நினைத்துச் சான்றிதழே எடுக்காமல் விட்டவர்கள் உண்டு. சட்டப்படி அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான். மறுமணம் செய்தால் அது செல்லாது, குற்றமும் ஆகும். மூன்று மாதம் முடியும் நாளை நாள்காட்டியில் குறித்து வைத்து நீங்களே வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள்.

இடையில் உங்கள் துணை மனம் மாறினால் மனு எதிர்ப்புள்ள வழக்காகிவிடும். அங்கே ஒரே கட்டணம் என்ற பேச்சே இல்லை, செலவு பல மடங்காகும். ஒரு சிறு தொகைக்காக முறைத்துக்கொண்டு நிற்கும்போது இதை நினைத்துப் பாருங்கள். கடைசி வாரத்தில் நாங்கள் இருவரும் முறைத்துக்கொண்டது ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கு. அதை விட்டுக்கொடுத்தேன்.

துணையின் வேலை அனுமதியைச் சார்ந்து இங்கே தங்கியிருப்பவர்கள் தேதியில் மிகுந்த கவனமாக இருங்கள். மணவிலக்கு முடிந்தால் சார்ந்திருப்போர் அனுமதிக்கு அடிப்படையே போய்விடும். சொந்த வேலை அனுமதியோ வேறு வழியோ தேடிக்கொண்டபின் தாக்கல் செய்வது நல்லது.

இந்தியாவில் திருமணமாகி அங்கே சொத்தோ மறுமணத் திட்டமோ இருப்பவர்கள், இங்கே வாங்கும் தீர்ப்பு அங்கே செல்லுமா என்று ஊரில் ஒரு வழக்கறிஞரிடமும் கேளுங்கள். இருவரும் மனமுவந்து அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று, மணவிலக்குக்கும் சம்மதித்திருந்தால் வெளிநாட்டுத் தீர்ப்பை ஏற்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லியிருக்கிறது. ஆகவே இருவரின் சம்மதமும் தாளில் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒருவர் ஊரில் இருந்துகொண்டு பதிலே சொல்லாமல் இருக்க, இங்கே ஒருதலையாக வாங்கும் தீர்ப்பு அங்கே சிக்கலாகலாம்.

9. சான்றிதழ் வந்த வாரத்தில்

மசேநி நியமனத்தை உடனே மாற்றுங்கள். திருமணம் செய்தால் பழைய நியமனம் ரத்தாகும், மணவிலக்கால் ரத்தாகாது. நீங்கள் மாற்றாதவரை உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பணம் முன்னாள் துணைக்கே போகும். உயிலும் அப்படித்தான், மணவிலக்கால் செல்லாமல் போகாது, புதிதாக எழுத வேண்டும். காப்புறுதி நியமனத்தைத் தனியாகப் பாருங்கள். திருப்பிப் பெற முடியாத அறக்கட்டளை நியமனம் என்றால் மாற்ற ஒப்புதல் வேண்டும். அந்தக் கையெழுத்தை இருவரும் இன்னும் பேசிக்கொள்ளும் நிலையில் இருக்கும்போதே, அதாவது 2ஆம் படியிலேயே வாங்கிவிடுங்கள்.

கூட்டு வங்கிக் கணக்கை மூடுங்கள். தண்ணீர், மின்சாரக் கணக்கின் பெயரை மாற்றுங்கள். பள்ளியில் அவசரத் தொடர்பு எண்களைப் புதுப்பித்து, யார் யார் பிள்ளையை அழைத்துப் போகலாம் என்று எழுதிக் கொடுங்கள். உத்தரவின் நகல் ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்தேன், ஆசிரியர் பத்திரமாக உறையில் போட்டு வைத்துக்கொண்டார். ஜீவனாம்சம் கட்டுபவரும் வாங்குபவரும் ரொக்கமாகக் கொடுக்கல் வாங்கல் வைக்காதீர்கள். வங்கி வழியாக மட்டும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில். உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். வீவக ஒன்றைக் கேட்கும், ஊரில் ஒன்று தேவைப்படும்.